தாழ்ந்த காரும் தேய்ஞ்ச முழங்காலும்

கார் வாங்கும்போது நம்ம ஆளுங்க கேக்கற கேள்வி நாலுதான். விலை என்ன, மைலேஜ் எவ்வளவு, மாசத் தவணை எவ்வளவு, டிக்கி பெருசா. அஞ்சாவதா ஒரு கேள்வி இருக்குதுங்க. இதுக்குள்ள எங்கம்மா ஏறி எறங்க முடியுமா? அதைக் கேட்டு வண்டி வாங்கினவங்களை நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கறேன். கார் விக்கறவங்களும் அதைப் பத்தி வாயே தெறக்கறதில்லை.

டவுன்ல இருக்கறவங்களுக்குக் கார்ங்கறது ஆபீஸ் போய் வர்றதுக்கு. எங்க பக்கம் அப்படி இல்லை. கோபி, சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்து வீடுகள்ல கார் வெளியே எடுக்கறாங்கன்னா அது ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, எழவுக்கு, இல்லைன்னா பழனிக்கு. நாலுக்கும் போறது பெரும்பாலும் வயசானவங்கதான். வாலிபப் பசங்களுக்குப் பைக் இருக்குது. ஆக, கார் யாருக்கு வேணுமோ அவங்க முழங்காலைப் பாக்காம வண்டி வாங்கறோம். என் கருத்து இதுதாங்க: வீட்டுல அறுபது தாண்டினவங்க இருந்தா, காரோட சீட்டு உயரத்தைத்தான் மொதல்ல பாக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.

இதை நான் சும்மா சொல்லலை. போன மாரியம்மன் நோம்பிக்கு எங்க ஊருக்கு ஒறம்பரை வந்த காருங்களை டேப் எடுத்துட்டுப் போயி அளந்து பாத்தேன். பசங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டும். வீட்டுல இருக்கற மர நாற்காலி தரையில இருந்து 17, 18 இன்ச். தாழ்ந்த மாதிரி இருக்கற நீளமான கார் ஒண்ணுல ஆள் உக்காந்து சீட்டு அமுங்கினதுக்கு அப்புறம் தரையில இருந்து 19 இன்ச் இருந்துச்சு. கூரை உசந்த சின்னக் கார்ல 23. ஜீப் மாதிரி வண்டியில 31. ஒவ்வொரு வண்டிக்கும் மாறும், உங்களோடதை நீங்களே அளந்துக்குங்க.

இப்ப நீங்க கேப்பீங்க, நாற்காலியே 18 இன்ச்தான், அதுல எந்திரிக்கற ஆளுக்கு 19 இன்ச் கார் சீட்டுல என்ன கஷ்டம்னு. நானும் அதைத்தான் யோசிச்சேன். நாற்காலியில இருந்து எப்படி எந்திரிக்கறோம்னு கவனிச்சுப் பாருங்க. ரெண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில இழுத்து வைப்போம், உடம்பை முன்னாடி சாய்ப்போம், கைப்பிடியில கையை ஊன்றி எந்திரிப்போம். இந்த மூணையும் கார் செய்ய விடறதில்லை. பாதம் சீட்டுக்கு அடியில போகாது, நடுவுல கதவுப் படி இருக்குது. உடம்பை முன்னாடி சாய்ச்சா தலை கூரையில இடிக்கும். கையை ஊன்றறதுக்கு இடம் இல்லை, ஆடற கதவைத்தான் புடிக்கணும். இதுக்கு மேல, ஒரு காலை வெளியே வச்சு, இன்னொரு காலு உள்ளே இருக்கும்போதே உடம்பைத் திருப்பணும். மொத்தப் பாரமும் ஒத்தைக் கால்ல, அதுவும் முட்டி மடங்கித் திரும்பற நேரத்துல விழுகுது. வலிக்காம என்ன செய்யும்?

இன்னொரு அளவும் இருக்குது. காருக்குள்ள கால் வைக்கற தளத்துக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற உயரம். அந்தத் தாழ்ந்த கார்ல இது 11 இன்ச்தான் இருந்துச்சு. அப்படின்னா உள்ளே உக்காந்த பின்னாடி முழங்கால் மேல, இடுப்பு கீழ. தொடை சீட்டுல படியாது. பாரம் பூரா இடுப்புலயும் முதுகுத்தண்டு அடியிலயும் எறங்கும். அப்படியே ரெண்டு மணி நேரம் போனா எறங்கும்போது முட்டி மரத்துப்போன மாதிரி புடிச்சுக்கும். மூட்டுத் தேய்மானம் இருக்கறவங்களுக்கு இது இன்னும் ஜாஸ்தி. அசையாம இருந்துட்டு எந்திரிச்சா மூட்டு இறுகிப் போயிருக்கும், பத்து இருபது அடி நடந்த பின்னாடிதான் தளரும்.

நாம நடக்கறப்பவே முழங்கால் மூட்டு நம்ம எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு பாரத்தைத் தாங்குது. படி ஏறினா அதைவிட ஜாஸ்தி. முட்டி எவ்வளவுக்கு மடங்குதோ, அந்த மடங்கின நிலையில இருந்து எந்திரிக்கறதுக்கு அவ்வளவுக்குப் பாரம் கூடும். இடுப்பு மூட்டு மாத்து ஆபரேஷன் செஞ்சவங்களுக்கு, ஆரம்ப வாரங்கள்ல இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்காதீங்க, தாழ்வான இடத்துல உக்காராதீங்கன்னு பல டாக்டருங்க சொல்லி அனுப்புவாங்க. சொல்லி அனுப்பின அன்னைக்கே அவங்களைக் கூட்டிட்டுப் போக ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறது அந்தத் தாழ்ந்த கார்தான். யாரும் ரெண்டையும் சேத்து யோசிக்கறதில்லை.

முன்னாடி இருந்த வண்டிகளை நெனச்சுப் பாருங்க. மாட்டு வண்டியில பின்பக்கமாப் பலகையில உக்காந்து காலைத் தொங்கப் போட்டுக்கலாம், எறங்கறப்ப சும்மா வழுக்கி எறங்கினாப் போதும். அம்பாசடர் காருக்கு ஆயிரம் குறை சொல்லலாம், ஆனா அதோட பின்சீட்டு ஒரு சோபா மாதிரி உசரமா இருக்கும். வேட்டி கட்டின பெரியவரும் சேலை கட்டின அம்மாவும் நிமுந்து உக்காருவாங்க. 2014-ல அதைத் தயாரிக்கறதை நிறுத்திட்டாங்க. மாருதி ஓம்னி 1984-ல வந்து 2019 வரைக்கும் ஓடுச்சு. பக்கத்துக் கதவை ஓரமாத் தள்ளிட்டா அகலமா வழி கெடைக்கும், குனியற வேலை கம்மி. 1998-ல ஹூண்டாய் சான்ட்ரோ, அதுக்கு அடுத்த வருஷம் மாருதி வேகன் ஆர்னு கூரை உசந்த சின்னக் கார்கள் வந்துச்சு. பாக்கறதுக்கு டப்பா மாதிரி இருக்குதுன்னு கேலி பேசினவங்க உண்டு. ஆனா எங்க பக்கம் பெரியவங்களுக்கு அந்த டப்பாதான் புடிச்சுது. சீட்டு அவங்க இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கும். பின்னாடி திரும்பி அப்படியே உக்காந்தாப் போதும், எறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

ரெண்டு சக்கர வண்டியிலயும் இதே கதைதான். 1980-ல வந்த டிவிஎஸ் 50, அதுக்குப் பின்னாடி வந்த எக்ஸ்எல் வண்டிகளை இன்னும் எங்க ஊர்ல எழுபது வயசுக்காரர் ஓட்டறார். காரணம் மைலேஜ் மட்டும் இல்லைங்க. நடுவுல டேங்க் இல்லாததால காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முட்டி நோவு இருக்கறவனுக்கு அது பெரிய வரம்.

இப்ப எங்க அக்கா விஷயத்துக்கு வர்றேன். அக்காவுக்கு 67 வயசு. மாமா போனதுக்கு அப்புறம் தோட்டத்து வீட்டுல தனியா இருக்குது, ரெண்டு எருமை வச்சிருக்குது. மகன் கோயமுத்தூர்ல வேலை. அவன் ஒன்பது வருஷமா ஒரு கூரை உசந்த கார் வச்சிருந்தான். மாசம் ஒருக்கா வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போவான், ரெண்டு நாள் வச்சிருந்து கொண்டாந்து விடுவான். போன வருஷம் அதைக் குடுத்துட்டு, பளபளன்னு நீளமா, தாழ்வா ஒரு கார் வாங்கினான். ரெண்டு தடவை அக்கா அதுல போச்சு. அதுக்கு அப்புறம் கூப்புட்டா, "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது", "களை எடுக்க ஆளு வருது", "அடுத்த மாசம் பாக்கலாம் கண்ணு" இதேதான்.

ஆறு மாசம் போயி மாப்ளே எனக்குப் போன் போட்டான். "மாமா, அம்மாவுக்கும் வீட்டுல அவளுக்கும் ஏதாச்சும் பேச்சு ஆயிருச்சுங்களா? அம்மா இங்க வரவே மாட்டேங்குது. அவளைக் கேட்டா நான் ஒண்ணுமே சொல்லலைன்னு அழுகறா" அப்படின்னான். ஒரு கார் சீட்டால புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வந்திருச்சுன்னு அப்ப எனக்கும் தெரியாது.

நான் போய்க் கேட்டப்ப அக்கா மொதல்ல மழுப்புச்சு. அப்புறமாச் சொல்லுச்சு. "அந்த வண்டியில உக்காந்தாக் குழிக்குள்ள எறங்கற மாதிரி இருக்குது தம்பி. எந்திரிக்க முடியறதில்லை. கல்யாண மண்டபத்து வாசல்ல அவன் ரெண்டு கையையும் புடிச்சு இழுக்கறான், பேரன் பின்னாடி இருந்து தள்ளறான். நாலு பேரு பாக்கறாங்க. அவன் ஆசையா வாங்கின வண்டி. அதைப் போயி எப்படிக் குறை சொல்றது?"

இதுதாங்க நான் இதை எழுதற காரணம். எங்க பக்கத்துப் பெரியவங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, வேலை இருக்குதுன்னு சொல்வாங்க. மகன் காசு போட்டு வாங்கின பொருளை அவங்க வாயால குறை சொல்ல வராது. டவுன்ல இருக்கற புள்ளைங்க அதைக் கோபம்னு எடுத்துக்கறாங்க, மருமக மேல வருத்தம்னு எடுத்துக்கறாங்க. வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லை, முழங்கால்தான்.

சில பேர் எங்கிட்ட எதிர்வாதம் பேசினாங்க. கிராமத்து ஆளுங்க தரையில சம்மணம் போட்டு உக்காருவாங்க, குத்த வச்சுக் களை எடுப்பாங்க, அவங்களுக்குத் தாழ்ந்த சீட்டு ஒரு கஷ்டமான்னு. பழக்கம் இருக்கறது நெசம்தான். ஆனா முப்பது நாப்பது வருஷம் மஞ்சக் காட்டுல குத்த வச்சே வேலை செஞ்ச முட்டி எத்தனை தேஞ்சிருக்கும்னு யோசிங்க. இன்னொண்ணு, தரையில உக்காந்த பாட்டி எந்திரிக்கறதைப் பாத்திருக்கறீங்களா? ஒரு பக்கமாச் சாஞ்சு, கையைத் தரையில ஊன்றி, ஒரு முட்டி போட்டு, செவுத்தைப் புடிச்சு, நிதானமா எந்திரிப்பாங்க. அதுக்கு நாலு பக்கமும் இடம் வேணும், நேரம் வேணும். கார் ரெண்டையும் குடுக்கறதில்லை. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுட்டு நிப்பான்.

அப்படின்னா எல்லாரும் ஜீப் மாதிரி பெரிய வண்டி வாங்குங்கன்னு நான் சொல்றனா? இல்லைங்க. 31 இன்ச் சீட்டுக்கு ஏறறதும் இதே அளவு பாடுதான். சேலை கட்டிட்டு ஒரு காலை அவ்வளவு உசரத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. எறங்கறப்ப கால் தரைக்கு எட்டாமக் குதிக்கணும். அறுபது வயசு முட்டிக்குக் குதிக்கறது ஆகவே ஆகாது. அதுவும் போக, தாழ்ந்த கார்ல நல்லதும் இருக்குது. ரோட்டோட ஒட்டி ஓடும், வளைவுல சாயாது, காத்து எதிர்ப்புக் கம்மி. நாப்பது வயசுக்காரன் தனியா ஓட்டறதுக்கு அது நல்ல வண்டிதான். குடும்பத்துக்கு வேணுங்கறது நடுத்தர உசரம். நின்னுக்கிட்டே பின்னாடி நகந்தா தொடைக்குப் பின்பக்கம் சீட்டோட ஓரம் முட்டணும். அதுதான் சரியான அளவு.

2024-ல சென்னையில மாநகரப் போக்குவரத்துக் கழகம் புதுத் தாழ்தளப் பேருந்துகளை விட்டாங்க. அது நல்ல காரியம். அதைச் சொல்லி, தாழ்ந்தா நல்லதுதானேன்னு ஒருத்தர் எங்கிட்டக் கேட்டார். தாழ்ந்த தளம் வேற, தாழ்ந்த சீட்டு வேறங்க. பஸ்சுல தளம் தாழ்ந்தா ஏறற படி கொறையும், நிமுந்து நடந்தே உள்ளே போகலாம், கம்பியைப் புடிக்கலாம். கார்ல நடந்து போக முடியாது, மடங்கித்தான் போகணும். கார்ல சீட்டு தாழத் தாழ மடங்கறதும் கூடும்.

ஏற்கெனவே தாழ்ந்த கார் வாங்கிட்டவங்க அதை விக்க வேண்டாம். மாப்ளேகிட்டயும் அதைத்தான் சொன்னேன். சில காரியம் பண்ணலாம்.

பெரியவங்களைப் பின்சீட்டுல உக்கார வைக்கறது மரியாதைன்னு நெனைக்கறோம். மரியாதை முட்டிக்குத் தெரியாது. முன்சீட்டுல உக்கார வைங்க. சீட்டை முழுசாப் பின்னாடி தள்ளி, உசரம் கூட்டற நெம்புகோல் இருந்தா அதையும் கூட்டிட்டு அப்புறம் ஏறச் சொல்லுங்க. மொதல்ல காலை உள்ளே வைக்கக் கூடாது. வெளியே பாத்தபடி முதுகைக் காட்டி உக்காந்து, தலையைக் குனிஞ்சு, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ளே திருப்பணும். எறங்கறப்ப இதையே தலைகீழாப் பண்ணணும். சேலை கட்டின பொம்பளைங்க சொல்லாமலே இப்படித்தான் உக்காருவாங்க, நாமதான் "சீக்கிரம் ஏறும்மா"ன்னு அவசரப்படுத்தறோம்.

சீட்டு மேல போடறதுக்குக் கெட்டியான பஞ்சுத் திண்டு ஒண்ணு, ரெண்டு மூணு இன்ச் கனத்துல வாங்கிக்குங்க. மெத்துனு இருந்தா அமுங்கிப் போயிரும், பிரயோசனம் இல்லை. தலை கூரையில இடிக்காதான்னும் பாத்துக்குங்க. திரும்பறப்ப வழுக்கறதுக்கு ஒரு வழுவழுப்பான துணியை விரிச்சு, உக்காந்த பின்னாடி எடுத்துருங்க, இல்லைன்னா பிரேக் போடறப்ப ஆள் முன்னாடி வழுக்கும். பெல்ட்டை எப்பவும் போல இறுக்கிப் போடணும்.

கையைப் புடிச்சு இழுக்காதீங்க. தோள்மூட்டு கெட்டுரும், அவங்களுக்கும் கூச்சம். உங்க முழங்கையை மடக்கிக் கம்பி மாதிரி நீட்டுங்க, அவங்களே புடிச்சு எந்திரிக்கட்டும்.

வண்டி நிறுத்தற எடமும் முக்கியம். இது வரப்புல நடக்கறவனுக்கு எளிதாப் புரியும். தாழ்ந்த காரை நடைமேடை ஓரமா ஒட்டி நிறுத்தினா, மேட்டுல நிக்கறவங்களுக்குச் சீட்டு இன்னும் அரை அடி கீழ போயிரும். கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அவங்க நிக்கற எடம் பள்ளமா இருக்கற மாதிரி பாத்துக்குங்க. ஜீப் வண்டின்னா இதுக்கு நேர்மாறு, திண்ணை ஓரத்துலயோ மேட்டு ஓரத்துலயோ நிறுத்தணும். கதவு முழுசாத் தெறக்கற அளவுக்குப் பக்கத்துல எடமும் வேணும்.

முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒருக்கா வண்டியை நிறுத்தி நாலு எட்டு நடக்க விடுங்க. எறங்க முடியலைன்னா உக்காந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, முட்டியை நீட்டி மடக்கச் சொல்லுங்க. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து போனாக் கால்ல ரத்தம் கட்டற ஆபத்தும் உண்டு. பயணத்துக்கு அப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால்ல வலி இருந்தா, மூட்டு நோவுன்னு தைலம் தடவிட்டு இருக்காம டாக்டர்கிட்டப் போயிருங்க.

ஓட்டறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கிளட்சை முழுசா மிதிச்ச நெலையிலயும் எடது முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கணும். கால் வெறைச்சு நீளற மாதிரி சீட்டு இருந்தா, டவுன் நெரிசல்ல நூறு தடவை மிதிக்கறப்ப முட்டியும் இடுப்பும் சேந்து போகும். டிராக்டர் கிளட்ச் மிதிச்சு மிதிச்சு என் எடது முட்டி சொல்ற பாடம் இது.

அக்கா விஷயத்துல முழுசாத் தீந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன். திண்டு போட்டு முன்சீட்டுல உக்காந்து இப்பக் கோயமுத்தூர் போய் வருது. கண் ஆஸ்பத்திரிக்கும் போச்சு. மூணு மணி நேரத்துக்கு மேல போற பயணம்னா இன்னும் தலையாட்டறதில்லை. ஆனா மருமக மேல இருந்த சந்தேகம் போயிருச்சு. அதுவே பெருசு.

அடுத்து நீங்க ஷோரூம் போறப்ப உங்கம்மாவையும் அப்பாவையும் கூடவே கூட்டிட்டுப் போங்க. வெல பேசறதுக்கு முன்னாடி ஏறி எறங்கச் சொல்லுங்க. ஒரு தடவை போதாது, மூணு தடவை. மொதத் தடவை உங்க முகத்துக்காக, கஷ்டத்தைக் காட்டாம ஏறிருவாங்க. மூணாவது தடவை கை எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. கதவையோ உங்க தோளையோ தேடுச்சுன்னா அந்த வண்டி உங்க வீட்டுக்கு ஆகாது. அவங்க "நல்லாத்தான் இருக்குது கண்ணு"ன்னு சொல்வாங்க. அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுறாதீங்க.